ரவுட்டரில் ஒரே ஒரு கோர் மட்டும் 100 சதவீதம்: சொந்தமாகக் கட்டிய பெட்டியில் செயலிச் சுமையை எப்படிக் குறைப்பது?

சுட்டெலி கேட்டது:

வணக்கம். 1 கிகாஹெர்ட்ஸில் ஓடும் நான்கு கோர் கொண்ட குறைமின் செயலி, 4 ஜிபி நினைவகம், இன்டெல் ஐ211 வகையைச் சேர்ந்த மூன்று ஈதர்நெட் போர்ட்டுகள் ஆகியவை கொண்ட ஒரு சிறிய பலகையில் டெபியனை நிறுவி, என்எஃப்டேபிள்ஸ் (லினக்ஸின் தீயரண்) விதிகளை நானே எழுதி, அதை வீட்டு ரவுட்டராகப் பயன்படுத்தி வருகிறேன். இணைப்பு 1 ஜிபிபிஎஸ் ஃபைபர். பிபிபிஓஇ (பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையும் முறை; ஒவ்வொரு பொதியும் கூடுதலாக ஓர் உறைக்குள் வரும்) வழியாகவே உள்நுழைய வேண்டும்.

பதிவிறக்கம் 450 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டுவதே இல்லை. ஆனால் பதிவேற்றம் 900 வரை தயக்கமின்றிப் போகிறது. ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் கேபிளை நேரடியாக ஒரு மேசைக் கணினியில் செருகி, அதிலேயே பிபிபிஓஇ அமைத்துப் பார்த்தபோது பதிவிறக்கம் 930 வந்தது. ஆகவே இணைப்பிலும் கேபிளிலும் குறையில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

என்னைக் குழப்புவது இதுதான். கண்காணிப்பு வரைபடத்தில் செயலிப் பயன்பாடு 27 சதவீதத்துக்கு மேல் ஏறுவதில்லை. சுமைச் சராசரியும் 1-ஐச் சுற்றியே நிற்கிறது. ஆனால் டாப் கட்டளையில் 1 என்ற விசையை அழுத்தி ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகப் பார்த்தால், கோர் 0 மட்டும் முழுவதும் நிரம்பியிருக்கிறது. அதில் ஏறக்குறைய எல்லாமே எஸ்ஐ (நெட்வொர்க் பொதிகளைக் கையாள்வது போன்ற கெர்னலின் பின்னணி வேலை) என்ற பத்தியில் விழுகிறது. செயல்களின் பட்டியலில் முதலிடத்தில், அந்த வேலையைச் செய்யும் கேசாஃப்ட்ஐஆர்க்யூடி/0 நிற்கிறது. மற்ற மூன்று கோர்களும் சும்மா இருக்கின்றன. ஐஆர்க்யூபேலன்ஸ் நிறுவினால் சுமை பிரிந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். நிறுவியும் எந்த மாற்றமும் தெரியவில்லை. கேக் என்ற வரிசை நிர்வாகத்தை (நெரிசலிலும் தாமதம் கூடாமல் பார்த்துக்கொள்வது) முன்பு பயன்படுத்தி வந்தேன். சோதனைக்காக இப்போது அதை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

செயலியின் சக்தியே போதவில்லையா, அல்லது அமைப்பில் ஏதாவது மாற்ற வேண்டுமா? புதுப் பலகை வாங்குவதற்கு முன் காரணத்தைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

---

நள்ளிரவுக் கெர்னல் எழுதியது:

முதலில் 27 சதவீதம் என்ற எண்ணை மறந்துவிடுங்கள். நான்கு கோர்களில் ஒன்று முற்றிலும் நிரம்பி, மற்றவை வெறுமையாக இருந்தால் சராசரி 25 வரும். மீதமுள்ள 2 சதவீதம் மற்ற மூன்றும் செய்யும் சில்லறை வேலை. சுமைச் சராசரியும் அப்படியே. கேசாஃப்ட்ஐஆர்க்யூடி என்ற ஒரே இழை இடைவிடாமல் ஓடினால் அது 1 என்றுதான் காட்டும், நான்கு கோர் கொண்ட பெட்டியில் 1 என்பது யாருடைய கண்ணையும் உறுத்தாது. ரவுட்டரைப் பொறுத்தவரை இந்த இரண்டு எண்களையும் நான் பார்ப்பதே இல்லை. எம்பிஸ்டாட் கட்டளையை எல்லாக் கோர்களுக்குமாக நொடிக்கு ஒரு முறை ஓடவிட்டு, சாஃப்ட்ஐஆர்க்யூ பத்தியை மட்டும் கவனிப்பேன்.

உங்கள் கேள்வியிலேயே விடையின் பாதி இருக்கிறது. பதிவேற்றம் 900, பதிவிறக்கம் 450 என்று எழுதியிருக்கிறீர்கள். செயலிக்குப் பொதுவாகவே சக்தி போதாதென்றால் இரண்டு திசைகளும் ஏறக்குறைய ஒரே அளவில் தடுமாற வேண்டும். ஒரு திசை மட்டும் தடுமாறுகிறது என்றால், அந்தத் திசையில் வரும் பொதிகள் நெட்வொர்க் கார்டுக்குள் நுழையும் இடத்திலேயே ஏதோ வேறுபாடு இருக்கிறது என்று பொருள்.

அந்த வேறுபாடு பிபிபிஓஇ. பல வரிசைகள் கொண்ட கார்டுகள், உள்வரும் பொதியின் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, போர்ட் எண்கள் ஆகியவற்றிலிருந்து ஒரு ஹாஷ் மதிப்பைக் கணக்கிட்டு, அதன்படி பொதியை ஒரு வரிசையில் சேர்க்கின்றன. ஒவ்வொரு வரிசைக்கும் தனி இன்டரப்ட் (பொதி வந்திருக்கிறது என்று கார்டு செயலியைக் கூப்பிடும் அழைப்பு) உண்டு, ஒவ்வொரு இன்டரப்டும் ஒரு கோருக்குப் போகிறது. ஆர்எஸ்எஸ் என்று சொல்லப்படுவது இதுதான். உள் நெட்வொர்க்கிலிருந்து கிளம்பும் பொதி வெறும் ஐபி பொதியாக வருவதால் இந்தப் பிரிப்பு ஒழுங்காக நடக்கிறது. வெளியிலிருந்து வரும் பொதியோ 8864 என்ற பதினாறடிமான வகை எண்ணைத் தாங்கி, பிபிபிஓஇ உறைக்குள் வருகிறது. கார்டு எதிர்பார்க்கும் இடத்தில் ஐபி தலைப்பு இல்லை. ஹாஷ் கணக்கிட முடியாத எல்லாப் பொதிகளும் வரிசை 0-க்கே போகின்றன; வரிசை 0 உங்கள் கோர் 0-க்குப் போகிறது.

ஐஆர்க்யூபேலன்ஸ் ஏன் உதவவில்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும். ஓர் இன்டரப்டை ஒரு கோரிலிருந்து இன்னொரு கோருக்கு நகர்த்த அதற்குத் தெரியும். ஒரே வரிசையின் வேலையை இரண்டாக வெட்டத் தெரியாது. கோர் 0-க்குப் பதிலாகக் கோர் 2 நிரம்பும், அவ்வளவுதான்.

ஊகத்தோடு நிறுத்திவிடாமல் உறுதி செய்துகொள்வோம். பதிவிறக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போது, ப்ராக் கோப்புறையில் உள்ள இன்டரப்ட்ஸ் கோப்பைப் பத்து விநாடி இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, வெளிப்பக்கப் போர்ட்டின் எந்த வரிசைக்கான எண் ஏறுகிறது என்று ஒப்பிடுங்கள். அதே கோப்புறையின் நெட் பிரிவில் உள்ள சாஃப்ட்நெட்_ஸ்டாட் கோப்பையும் இணைத்து அனுப்புங்கள். அதில் கோருக்கு ஒரு வரி இருக்கும், எண்கள் பதினாறடிமானத்தில் இருக்கும். பிறகு பெர்ஃப் டாப் கட்டளையைக் கோர் 0-க்கு மட்டும் ஓட்டி, மேலே நிற்கும் நான்கைந்து செயற்கூறுகளின் பெயர்களைச் சொல்லுங்கள். வெப்பத்தால் செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறதா என்பதையும் ஒரு கண் பாருங்கள்.

---

சுட்டெலி எழுதியது:

விரிவான விளக்கத்துக்கு நன்றி. கேட்டவை இதோ.

வெளிப்பக்கப் போர்ட்டில் வரிசை 0-இன் எண் விறுவிறுவென்று ஏறுகிறது. வரிசை 1 ஏறக்குறைய அசையவே இல்லை. உள்பக்கப் போர்ட்டில் பதிவேற்றத்தின்போது இரண்டு வரிசைகளும் ஏறுகின்றன. சாஃப்ட்நெட்_ஸ்டாட் கோப்பின் முதல் வரியில் இரண்டாம் பத்தி (கைவிடப்பட்ட பொதிகள்) பூச்சியம். மூன்றாம் பத்தி நொடிக்கு நொடி கூடுகிறது. மற்ற வரிகளில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. செயலியின் வேகம் 1 கிகாஹெர்ட்ஸிலேயே நிலையாக நிற்கிறது.

பெர்ஃப் டாப்பில் முதலிடத்தில், தீயரண் விதிகளைச் சோதிக்கும் என்எஃப்டி_டூ_செயின் என்ற பெயர் 40 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. அதற்குக் கீழே கார்டு டிரைவரின் போல் செயற்கூறு, இணைப்புக் கண்காணிப்பின் தேடல், ரூட்டிங் அட்டவணைத் தேடல் ஆகியவை ஒவ்வொன்றும் ஒற்றை இலக்கச் சதவீதத்தில் வருகின்றன. தீயரணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: தீங்கு செய்யும் முகவரிகளின் பட்டியல் ஒன்றை ஒரு ஸ்கிரிப்ட் தினமும் எடுத்து, முகவரி வரம்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு விதியாக ப்ரீரௌட்டிங் சங்கிலியில் (பொதி உள்ளே வந்தவுடன் கடக்கும் விதிகளின் தொகுப்பு) சேர்க்கிறது. இன்றைய நிலவரப்படி அதில் ஏறத்தாழ 600 விதிகள் இருக்கின்றன.

---

புதுவழி எழுதியது:

நெட்டேவ்_பட்ஜெட் என்ற அளவு இயல்பாக 300 இருக்கும். அதை 600 ஆக்கினால் மூன்றாம் பத்தி கூடுவது நின்றுவிடும். அதோடு ஃப்ளோடேபிள் அமைத்துவிடுங்கள். லினக்ஸ் 4.16-இலிருந்தே அந்த வசதி இருக்கிறது, 5.13-க்குப் பிறகு பிபிபிஓஇ உறையையும் அது புரிந்துகொள்கிறது. ஓர் இணைப்பின் முதல் சில பொதிகள் மட்டும் வழக்கமான பாதையில் போகும். இணைப்பு நிலைபெற்றதும் மீதிப் பொதிகள் குறுக்குவழியில் போய்விடும், தீயரணின் ஃபார்வர்ட் சங்கிலியை அவை தொடுவதே இல்லை.

---

கம்பிக்காரன் எழுதியது:

புதுவழி சொன்ன இரண்டில் முதலாவதை நான் ஏற்கவில்லை. மூன்றாம் பத்தி கூடுகிறது என்றால், ஒரு சுற்றுக்கு ஒதுக்கிய அளவோ நேரமோ தீர்ந்தபோதும் பொதிகள் மிச்சம் இருந்தன என்று பொருள். கோரிடம் நேரம் இருந்து அளவு மட்டும் குறைவாக இருந்தால் அதைக் கூட்டுவதில் பயன் உண்டு. இங்கே கோரிடம் நேரமே இல்லை. நிரம்பி வழியும் கோருக்கு அளவை இரட்டிப்பாக்கினால், புகார் எண் குறையும். வேகம் அப்படியே இருக்கும்.

இரண்டாவது நல்ல யோசனை, ஆனால் அதன் முறை இன்னும் வரவில்லை என்பது என் கருத்து. 600 விதிகளை அப்படியே வைத்துக்கொண்டு அதன்மேல் குறுக்குவழி போடுவது, அடைப்பை விட்டுவிட்டு இன்னொரு குழாய் பதிப்பதைப் போன்றது.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். முழு அளவுப் பொதிகளாக 1 ஜிபிபிஎஸ் வந்தால், கம்பியில் ஒவ்வொன்றும் இடைவெளியையும் சேர்த்து 1538 பைட் எடுத்துக்கொள்ளும். அப்படியானால் நொடிக்கு ஏறத்தாழ 81,000 பொதிகள். ஒரே கோர் அத்தனையையும் கையாள வேண்டுமென்றால் ஒரு பொதிக்குக் கிடைப்பது 12.3 மைக்ரோவிநாடி, 1 கிகாஹெர்ட்ஸ் செயலியில் அது சுமார் 12,300 சுழற்சிகள். கார்டிலிருந்து பொதியை எடுப்பது, பிபிபிஓஇ உறையைப் பிரிப்பது, இணைப்புக் கண்காணிப்பில் தேடுவது, நேட் முகவரியை மாற்றுவது, வழி தேடுவது, மறுபக்கப் போர்ட்டில் சேர்ப்பது என்ற எல்லாவற்றையும் அந்த 12,300-க்குள் முடித்தாக வேண்டும். இதற்கு நடுவில் 600 முறை முகவரியை ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் மிச்சம் என்ன இருக்கும்? உங்கள் பெர்ஃப் டாப் அதைத்தான் காட்டுகிறது. (இதே 1 ஜிபிபிஎஸ் 64 பைட் பொதிகளாக வந்தால் நொடிக்கு 14.88 லட்சம் பொதிகள். விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வரும் வேக எண்கள் பெரும்பாலும் பெரிய பொதிகளுக்கானவை என்பதை இந்த இடத்தில் நினைவில் வைப்பது நல்லது.)

செய்ய வேண்டியது எளிது. அந்த 600 விதிகளையும் நீக்கிவிட்டு, என்எஃப்டேபிள்ஸில் முகவரி வரம்புகளை ஏற்கும் ஒரு செட்டை உருவாக்கி, பட்டியல் முழுவதையும் அதற்குள் போடுங்கள். விதி ஒன்றே ஒன்று போதும்: அனுப்புநர் முகவரி இந்தச் செட்டில் இருந்தால் பொதியைக் கைவிடு. செட்டுக்குள் தேடுவது வரிசையாக ஒப்பிடுவதன்று. உறுப்புகள் பத்து மடங்கு பெருகினாலும் தேடும் நேரம் சிறிதளவே கூடும். ஸ்கிரிப்டையும் விதி சேர்ப்பதிலிருந்து செட்டைப் புதுப்பிப்பதற்கு மாற்றிவிடுங்கள்; அப்போது தினசரிப் புதுப்பித்தலின்போது விதித்தொகுப்பைத் தொட வேண்டிய அவசியமே இருக்காது.

அந்த விதி நிற்கும் இடத்தையும் கவனியுங்கள். ப்ரீரௌட்டிங்கில், இணைப்புக் கண்காணிப்புக்கு முந்தைய முன்னுரிமையில் அது இருந்தால், ஏற்கெனவே நிலைபெற்ற இணைப்பின் ஒவ்வொரு பொதியும் அதைக் கடந்தாக வேண்டும். நிலைபெற்ற இணைப்புகளை அனுமதிக்கும் விதியைக் கண்காணிப்புக்குப் பிந்தைய சங்கிலி ஒன்றின் தலையில் வைத்து, தடைப் பட்டியலை அதற்குக் கீழே வைத்தால் புதிய இணைப்புகள் மட்டுமே சோதிக்கப்படும். பெரும் தாக்குதலைச் சமாளிக்கும் நிறுவனங்களுக்கு முன்னாலேயே தடுப்பது பொருந்தும்; வீட்டுக்கு அது தேவையில்லை.

---

நள்ளிரவுக் கெர்னல் எழுதியது:

கம்பிக்காரனோடு உடன்படுகிறேன், வேலையைக் குறைத்துவிட்டே பங்கிட வேண்டும். குறைத்த பிறகு பங்கிடும் வழி இதோ.

கார்டால் பிபிபிஓஇ உறைக்குள் பார்க்க முடியாது, ஆனால் லினக்ஸ் கெர்னலால் முடியும். ஆர்பிஎஸ் என்ற வசதியை இயக்கினால், கோர் 0 பொதியைக் கார்டிலிருந்து எடுத்தவுடன் கெர்னலே உறைக்குள் இருக்கும் ஐபி முகவரிகளையும் போர்ட்டுகளையும் பார்த்து ஹாஷ் கணக்கிட்டு, மீதி வேலையை வேறு கோரிடம் ஒப்படைத்துவிடும். ஒரே இணைப்பின் பொதிகள் எப்போதும் ஒரே கோருக்குப் போவதால் அவற்றின் வரிசை குலையாது.

சிஸ் கோப்புறையில் வெளிப்பக்கப் போர்ட்டின் வரிசைகளுக்கான பிரிவில், ஆர்எக்ஸ்-0 என்பதற்குள் ஆர்பிஎஸ்_சிபியூஸ் என்ற கோப்பு இருக்கும். அதில் எந்தெந்தக் கோர்களுக்கு வேலையைத் தரலாம் என்பதைப் பதினாறடிமான எண்ணாக எழுத வேண்டும். கோர் 0-க்கு 1, கோர் 1-க்கு 2, கோர் 2-க்கு 4, கோர் 3-க்கு 8. இன்டரப்டைச் சுமக்கும் கோர் 0-ஐ விட்டுவிட்டு மற்ற மூன்றையும் கூட்டினால் 14. பதினாறடிமானத்தில் அது ஆங்கில அகரவரிசையின் ஐந்தாம் எழுத்து. அந்த ஓர் எழுத்தை மட்டும் கோப்பில் எழுதினால் போதும்.

பிபிபி இடைமுகத்தில் எழுதாமல் அசல் ஈதர்நெட் போர்ட்டில் எழுதுங்கள். பிபிபி இடைமுகம் ஒவ்வொரு மறுஇணைப்பின்போதும் புதிதாகப் பிறப்பதால் அதில் எழுதியது காணாமல் போய்விடும். மேலும், உறையைப் பிரிக்கும் வேலையும் பங்கிடப்பட வேண்டுமானால் அசல் போர்ட்டே சரியான இடம். பெட்டியை மறுதொடக்கம் செய்தால் இதுவும் அழிந்துவிடும் என்பதால், ஒரு சிஸ்டம்டி யூனிட்டிலோ யூடெவ் விதியிலோ சேர்த்துவிடுங்கள். ஐஆர்க்யூபேலன்ஸை நிறுத்திவிடுவதும் நல்லது. அது இன்டரப்டை வேறு கோருக்கு நகர்த்திவிட்டால் நாம் போட்ட கணக்கு தப்பிவிடும்.

வேலை பிரிகிறதா என்பதைச் சாஃப்ட்நெட்_ஸ்டாட் கோப்பின் பத்தாம் பத்தி காட்டும். சோதிக்கும்போது ஐபெர்ஃப்3-ஐ ரவுட்டரிலேயே ஓட்டாதீர்கள், அதுவே செயலியைத் தின்னும். ரவுட்டருக்குப் பின்னால் உள்ள கணினியில், பல இணைப்புகளோடு ஓட்டுங்கள்.

---

மூன்றாம்தளம் எழுதியது:

இதே சிக்கலோடு ஃப்ரீபிஎஸ்டி அடிப்படையிலான ரவுட்டர் மென்பொருளைப் பயன்படுத்துவோர் இந்த இழைக்கு வரக்கூடும் என்பதால் ஒரு குறிப்பு. அங்கே ஆர்பிஎஸ் இல்லை. நெட்.ஐஎஸ்ஆர்.டிஸ்பாட்ச் என்ற அமைப்பை டைரக்ட் என்பதிலிருந்து டிஃபர்ட் என்பதற்கு மாற்றுவதுதான் அதற்கு நிகரான வழி. நெட்.ஐஎஸ்ஆர்.மேக்ஸ்த்ரெட்ஸ் 1 ஆக இருந்தால் மாற்றியும் பயனில்லை. அது கோர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப இருக்கிறதா என்று பாருங்கள். அதை பூட் நேரத்தில் மட்டுமே மாற்ற முடியும்.

---

சுட்டெலி எழுதியது:

இரண்டையும் ஒவ்வொன்றாகச் செய்து, நடுவே அளந்தும் பார்த்தேன்.

தடைப் பட்டியலைச் செட்டாக மாற்றி, நிலைபெற்ற இணைப்புகளுக்கான விதியை மேலே கொண்டுவந்ததுமே பதிவிறக்கம் 690-ஐத் தொட்டது. என்எஃப்டி_டூ_செயின் பெர்ஃப் டாப்பில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. கோர் 0 அப்போதும் நிரம்பியே இருந்தது. அதன்பின் ஆர்பிஎஸ்ஸை இயக்கியவுடன் பல இணைப்புகளோடு செய்த சோதனையில் பதிவிறக்கம் 920. கோர் 0 பாதிக்குக் கீழே இறங்க, மற்ற மூன்றும் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையே ஆடுகின்றன. பத்தாம் பத்தி மூன்று வரிகளில் ஏறுகிறது, கோர் 0-இன் வரியில் பூச்சியம்.

இரண்டு கேள்விகள் மிஞ்சுகின்றன. ஒரே ஓர் இணைப்பில் பெரிய கோப்பை இறக்கினால் 800-ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. அப்போது ஏதாவது ஒரு கோர் நிரம்புகிறது. இது இயல்பானதா? கேக்கை மீண்டும் இயக்கலாமா?

---

கம்பிக்காரன் எழுதியது:

முதலாவது இயல்பானதே. ஓர் இணைப்பின் பொதிகளை ஆர்பிஎஸ் பல கோர்களுக்குச் சிதறவிடாது. சிதறவிட்டால் வரிசை குலைந்து டிசிபி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே ஒற்றை இணைப்பின் உச்சம் ஒரு கோரின் உச்சமே. அதை உயர்த்த வேண்டுமென்றால், புதுவழி சொன்ன ஃப்ளோடேபிளுக்கு இப்போது முறை வந்திருக்கிறது. உங்கள் கெர்னல் 5.13-க்குப் பிந்தையதா என்று முதலில் பாருங்கள்.

கேக்கைப் பொறுத்தவரை நான் சற்றுத் தயங்குவேன். ஒரு திசைக்கான வேகக் கட்டுப்பாட்டை அது ஒரே பூட்டுக்குள் நின்று செய்கிறது. கோர்களைக் கூட்டினாலும் அந்த வேலை பிரியாது. 1 கிகாஹெர்ட்ஸ் கோர் 900 எம்பிபிஎஸ்ஸுக்கு அதைத் தாங்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தவிர, ஃப்ளோடேபிளின் குறுக்குவழியில் போகும் பொதிகள் பிபிபி இடைமுகத்தைக் கடக்காமலேயே அசல் போர்ட்டுக்குப் போவதால், அந்த இடைமுகத்தில் பொருத்திய கேக் அவற்றைப் பார்க்கவே பார்க்காது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

தேர்ந்தெடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். பதிவேற்றத்தை முழு வேகத்தில் ஓடவிட்டு, வேறொரு கணினியிலிருந்து வெளியே உள்ள ஒரு முகவரிக்குப் பிங் அனுப்புங்கள். பதிவிறக்கத்துக்கும் அதையே செய்யுங்கள். தாமதம் சில மில்லிவிநாடிகளே கூடினால் கேக் இல்லாமலே விட்டுவிட்டு ஃப்ளோடேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். பதிவேற்றத்தில் மட்டும் நூறு, இருநூறு என்று கூடினால், ஃப்ளோடேபிளை விட்டு, பதிவேற்றத் திசைக்கு மட்டும் கேக்கைப் போட்டு, அதன் வேகத்தை 500-இலிருந்து தொடங்கி எந்தக் கோரும் 80 சதவீதத்தைத் தாண்டாத அளவுக்கு உயர்த்திக்கொண்டே போங்கள். பிங் எண்களை இங்கே பதிவிட்டால் மேற்கொண்டு பார்க்கலாம்.